தொடர்மாடி வீட்டில் நவராத்திரிக் கும்பம்: பத்து நாளுக்கான முழுமையான வழிகாட்டி

நவதானியம் முளைக்கவிட்டு, கும்பம் வைத்து, ஒன்பது இரவும் அம்பாளைக் கும்பிட்டு, பத்தாம் நாள் பிள்ளைக்கு ஏடு தொடக்கி, அதாவது முதல் எழுத்து எழுதுவித்து, முடிக்கிற யாழ்ப்பாணத்து முறைக்கான வழிகாட்டி இது. நாங்கள் வைப்பது கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில். முற்றமும் இல்லை, கிணறும் இல்லை, ஓடிப்போய் இலை பிடுங்க மாமரமும் இல்லை.

எங்கள் கட்டிடத்தில் புதிதாகக் குடிவந்த சில குடும்பங்களுக்குக் கூட நின்று உதவியிருக்கிறேன். அநேகமாக எல்லாரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். கும்பத்தை வைத்துவிட்டு மற்றதை யோசிக்கிறார்கள். வைத்த கும்பத்தைப் பத்தாம் நாள்வரை அசைக்கக் கூடாது. கீழே உள்ள ஒழுங்கு முழுவதும் இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான்.

உங்கள் வீட்டு வழக்கம் இதிலிருந்து மாறினால் உங்கள் வழக்கத்தையே பின்பற்றுங்கள். மாமியார் ஒன்றும் குருக்கள் இன்னொன்றும் சொன்னால் மாமியார் சொன்னதைச் செய்யுங்கள். குருக்கள் உங்களோடு பத்து நாள் இருக்கப் போவதில்லை.

1. இடத்தை ஒரு கிழமைக்கு முன்னரே தீர்மானியுங்கள்

கும்பம் கிழக்கு நோக்கியிருப்பது நல்லது. சாமியறை இல்லாத பிளாட்டில் ஹோலின் ஒரு மூலை போதும். ஆனால் அந்த மூலையில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் குனிந்து பாருங்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நாங்கள் முதல் வருடம் கும்பம் வைத்த சுவருக்குப் பின்னால்தான் கீழ்வீட்டுக்குப் போகும் தண்ணீர்க் குழாயின் பூட்டு இருந்தது. நான்காம் நாள் கீழே கசிவு. குழாய் திருத்த வந்தவர் கையில் சாவியோடு நிற்கிறார், நான் கும்பத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். கடைசியில் அவர் அலுமாரியை நகர்த்தி, பக்கவாட்டில் படுத்து, கையை விட்டுத் திருகினார். கும்பம் அசையவில்லை. அவருடைய முதுகுதான் பாவம்.

ஏசிக் காற்று நேரே விழும் இடம் வேண்டாம். பின்னேர வெயில் படும் இடமும் வேண்டாம். இரண்டிலும் தேங்காய் காய்ந்து வெடிக்கும். கடற்கரைப் பக்கம் பல்கனி உள்ள வீடென்றால் கதவுக்கு நேரே விளக்கு நிற்காது. கூரையில் புகை உணரும் கருவி இருக்கிறதா என்றும் பாருங்கள். சாம்பிராணிக்கு அது அலறத் தொடங்கினால் முழுக் கட்டிடமும் படியிறங்கி வந்துவிடும். அப்படியானால் சாம்பிராணியை ஜன்னலோரம் காட்டிவிட்டு உள்ளே ஊதுபத்தியோடு நிறுத்துங்கள்.

2. ஒரே பஞ்சாங்கத்தில் நில்லுங்கள்

புரட்டாதி மாதத்தில் பெரும்பாலும் வருகிற அமாவாசைக்கு அடுத்த பிரதமையில் நவராத்திரி தொடங்கும். நவமிவரை ஒன்பது திதி, அதன் மறுநாள் விஜயதசமி. திதி எப்போதும் ஒரு நாளோடு சரியாகப் பொருந்தி வராது. அதனால் சில வருடங்களில் நாள் ஒன்று கூடும், சில வருடங்களில் குறையும்.

நம்மிடம் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் புழங்குகின்றன. இரண்டிலும் திதி தொடங்கும் நேரம் சில மணித்தியாலம் வேறுபடலாம். தொடக்கத்தை ஒன்றிலும் விஜயதசமியை மற்றதிலும் பார்த்தால் கணக்கு குழம்பும். வீட்டில் எது பாவனையோ, அல்லது நீங்கள் வழக்கமாகப் போகும் கோவிலில் எது பாவனையோ, அதையே கடைசிவரை பாருங்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பும் நேரத்தைப் பார்க்க வேண்டாம். திதி அங்கே வேறு நேரத்தில் வரும், சில வேளை வேறு நாளிலேயே வரும். இந்தியக் கலண்டரின் திதி நேரம் பிழையில்லை, அவர்களுக்கும் எங்களுக்கும் மணிக்கூடு ஒன்றுதான்.

கும்பம் வைப்பது முதல் நாள் காலையில். ராகுகாலத்தை விலக்குங்கள். தொடக்கம் திங்கட்கிழமை என்றால் ஏழரை முதல் ஒன்பது மணிவரை ராகுகாலம். வேலைக்குப் போகிறவர்கள் ஆறரைக்குள் முடிக்க வேண்டி வரும். ஆகவே முதல்நாள் இரவே எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

3. வாங்க வேண்டியவையும், வாங்கும்போது பார்க்க வேண்டியவையும்

செம்பு: பித்தளை, செப்பு, வெள்ளி எதுவும் சரி. புது மண்குடம் பார்க்க அழகுதான். ஆனால் அது கசியும். கீழே பரப்பிய அரிசி ஈரமாகி மூன்றாம் நாளே மணக்கத் தொடங்கும். பிளாட்டுக்கு உலோகமே நல்லது. ஒரு லீற்றர் கொள்ளும் அளவு போதும்.

தேங்காய்: முற்றின காய், குடுமியோடு. கடையில் வழுவழுப்பாகச் சுரண்டித்தான் தருவார்கள், கும்பத்துக்கு என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டு வாங்குங்கள். வாங்கிய அன்றே வெறும் செம்பின் மேல் வைத்துப் பாருங்கள். காய் சிறிதென்றால் உள்ளே அமிழ்ந்து தண்ணீரைத் தொடும், அழுகும். பெரிதென்றால் ஆடும். பாதிக்குக் குறைவாக உள்ளே இறங்கி, அடி தண்ணீருக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும்.

மாவிலை: காம்போடு ஐந்து அல்லது ஏழு. வெள்ளவத்தைச் சந்தையில் கட்டாக விற்பார்கள். தளிர் வேண்டாம், இரண்டு நாளில் சுருண்டுவிடும். கரும்பச்சையான முற்றிய இலை எடுங்கள்.

நவதானியம்: பெரும்பாலானோர் ஏமாறுவது இதில்தான். நெல், கோதுமை, துவரை, பயறு, கடலை, உளுந்து, எள்ளு, கொள்ளு, மொச்சை என்ற ஒன்பதும் முழுத் தானியமாக இருக்க வேண்டும். சமையலறையில் இருக்கும் துவரம்பருப்பும் வெள்ளை உளுந்தும் தோல் நீக்கி உடைத்தவை. அவை முளைக்காது, ஊறி அழுகத்தான் செய்யும். நெல்லுக்குப் பதில் அரிசி போட்டாலும் அதே கதை. பூசைச் சாமான் கடைகளில் ஒன்பதையும் கலந்து சிறு பக்கற்றாக விற்பார்கள். வசதிதான், ஆனால் எத்தனை மாதம் கடையில் கிடந்ததோ தெரியாது. ஒரு கிழமைக்கு முன் ஒரு கரண்டி எடுத்து ஈரத்துணியில் கட்டி வையுங்கள். பயறு இரண்டு நாளில் வால் காட்டாவிட்டால் வேறு வாங்குங்கள்.

மஞ்சள், குங்குமம், சந்தனம், விபூதி, கற்பூரம், வெற்றிலை பாக்கு, அறுகம்புல், தலைவாழை இலை, திரி, எண்ணெய், மஞ்சள் நூல். இதில் விளக்கம் தேவையில்லை. 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்று விலை எகிறியபோது மஞ்சளில் பிடிக்கும் எங்கள் பிள்ளையார் ஒரு பாக்களவுக்குச் சுருங்கிப் போனார். பூசை ஒன்றும் குறையவில்லை.

4. முதல்நாள் மாலை: துடைப்பதும் ஊறப்போடுவதும்

அமாவாசையன்று வீட்டைக் கழுவித் துடைத்து, குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் மச்சத்தை அகற்றுங்கள். பத்து நாளும் சைவம். பிரிட்ஜின் அடித்தட்டில் மீன் பொதியை மறந்துவிட்டு நான்காம் நாள் கண்டுபிடித்துப் பதறியவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் நானே.

நவதானியத்தை இரவு தண்ணீரில் ஊறவிடுங்கள். எள்ளை மட்டும் தனியாக ஒரு சிறு கிண்ணத்தில் போடுங்கள். மற்றவற்றோடு சேர்ந்தால் வடிக்கும்போது தண்ணீரோடு போய்விடும்.

ஒரு அகன்ற மண்சட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்கு மண் பரப்பி வையுங்கள். மண்ணுக்கு எங்கே போவது? செடிச் சாடியில் இருப்பதே போதும், கட்டி உடைத்துக் கல் பொறுக்கினால் சரி. கடற்கரை மணல் வேண்டாம். உப்பில் எதுவும் முளைக்காது.

5. கும்பம் வைக்கும் காலை

இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு இடம் செய்து கொடுக்கிறது.

முதலில் பலகை. அதன் நான்கு பக்கமும் நிலத்தில் மஞ்சள்தூளால் கோடு இழுத்துவிடுங்கள். எறும்பு வருவது குறையும். பலகைமேல் தலைவாழை இலை. கும்பம் கிழக்கு நோக்குவதால் இலையின் நுனி வடக்கே இருக்கட்டும். இலையில் நெல்லோ பச்சையரிசியோ இரண்டு கைப்பிடி பரப்பி, நடுவில் கையால் சிறு குழி செய்யுங்கள். செம்பின் அடி அதில் உட்கார வேண்டும். தட்டையாகப் பரப்பிய அரிசியில் வைத்தால் செம்பு வழுக்கிச் சாயும்.

இரண்டாவது முளைச்சட்டி. ஊரில் ஈரமண்ணின் நடுவிலேயே கும்பத்தை வைப்பார்கள். பிளாட்டில் அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தண்ணீர் தெளிக்கத் தெளிக்க மண் இறங்கி, ஐந்தாம் நாள் கும்பம் ஒரு பக்கம் சரியும், நிமிர்த்தவும் முடியாது. சட்டியைக் கும்பத்துக்கு முன்னால் தனியே வையுங்கள். வடித்த தானியத்தை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிதாக மண் போட்டு மூடி, கையால் தண்ணீர் தெளியுங்கள். ஊற்ற வேண்டாம்.

மூன்றாவது மஞ்சள் பிள்ளையார். மஞ்சளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். விரலில் ஒட்டாமல், பிடித்தால் நிற்கிற பதம். அவசரத்தில் தண்ணீர் கூடினால் பிள்ளையார் வெற்றிலையில் படுத்துவிடுவார். தலையில் ஓர் அறுகம்புல் செருகி, பொட்டு வைத்து, பழம் படைத்து, கற்பூரம் காட்டுங்கள். அம்பாளை அழைப்பதற்கு முன் அவரிடம் கேட்காமல் எதுவும் தொடங்குவதில்லை.

நான்காவதுதான் கும்பம். செம்பை அரிசிக் குழியில் வைத்த பிறகே தண்ணீர் நிரப்புங்கள். குசினியில் நிரப்பித் தூக்கி வந்தால் வழியெல்லாம் சிந்தும். கழுத்துவரை தண்ணீர். அதில் ஒரு சிட்டிகை மஞ்சள், இரண்டு ஏலக்காய், கொஞ்சம் பச்சைக்கற்பூரம், ஒரு நாணயம். பச்சைக்கற்பூரம் வாசனைக்கு மட்டுமல்ல, பத்து நாள் நிற்கிற தண்ணீர் மணக்காமல் கொஞ்சம் பிடிக்கும். மஞ்சள் நூலைக் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். கோவிலில் குருக்கள் செம்பு முழுவதும் வலைபோலச் சுற்றுவது பழகிய கைக்குரிய வேலை, வீட்டில் அது தேவையில்லை.

மாவிலைகளைக் காம்பு தண்ணீருக்குள் இறங்கும்படி வட்டமாகச் செருகுங்கள். காம்பு தண்ணீரில் இருந்தால் இலை ஒரு கிழமை தாங்கும். வெளியே தொங்கினால் மூன்றாம் நாளே சருகு. பிறகு தேங்காய்க்கு மஞ்சள் பூசி, குடுமி மேலே இருக்க, இலைகளை அழுத்திப் பிடிப்பதுபோல வையுங்கள். சந்தனம், குங்குமம், பூ. விரும்பினால் சிறு பட்டுத் துணி.

இப்போது விளக்கேற்றுங்கள். அதற்கு முன் ஏற்றினால், குனிந்து நிமிரும்போது சேலைத் தலைப்பு விளக்கில் படும். அம்பாளை எழுந்தருளும்படி வேண்டி, பால் பழம் படைத்து, தீபம் காட்டினால் முடிந்தது. இனி இந்தக் கும்பத்தில் கை வைக்கக் கூடாது. இலை வாடினாலும் பிடுங்க வேண்டாம், முன்னால் ஒரு புது இலையைச் சாய்த்து வையுங்கள்.

6. ஒவ்வொரு மாலையும்

காலையில் விளக்கும் ஒரு பூவும் போதும். இது இரவு வழிபாடு, ஆகவே மாலைப் பூசைதான் முக்கியம். காலி வீதி நெரிசலில் சிக்கி ஏழரைக்கு வீடு வந்தாலும் பரவாயில்லை. நேரம் தவறுவதைவிட அவசரத்தில் செய்வதுதான் கேடு.

முதல் மூன்று நாள் துர்க்கை, அடுத்த மூன்று இலட்சுமி, கடைசி மூன்று சரஸ்வதி. கும்பம் ஒன்றுதான். படமும் பூவும் பாட்டும் மாறும். துர்க்கைக்குச் செவ்வரத்தை, இலட்சுமிக்குத் தாமரை, சரஸ்வதிக்கு நந்தியாவட்டை அல்லது மல்லிகை. தாமரைக்கு நம்மவர் கடைகளையே சுற்ற வேண்டாம், விகாரைகளின் முன்னால் உள்ள பூக்கடைகளில் தினமும் கிடைக்கும்.

பாட்டுக்கு குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலை. பத்தே பாட்டு. தினமும் முழுவதும் பாடலாம், பிள்ளைகள் பத்து நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அபிராமி அந்தாதி நூறு பாட்டு. ஒரே இரவில் பாடத் தொடங்கிப் பாதியில் கொட்டாவி விடுவதைவிட, நாளுக்குப் பதினொன்று பன்னிரண்டாகப் பிரித்தால் நவமியில் முடியும்.

முளைச்சட்டிக்குத் தண்ணீர் காலையில் ஒருமுறை தெளித்தால் போதும். கொழும்பின் புழுக்கத்தில் இரண்டு வேளை தெளித்தால் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். பயறு இரண்டாம் நாளே தலைகாட்டும். நெல் நான்கைந்து நாள் எடுக்கும், அதற்குள் பழுதென்று கிளறிப் பார்க்காதீர்கள். வெளிச்சம் குறைந்த மூலையில் முளை வெளிறி மஞ்சளாக வளரும், அது குறையல்ல.

வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள். அணையா விளக்கு ஆள் இருக்கும் வீட்டுக்கு.

வீட்டுப் பெண் விலகியிருக்கும் நாட்கள் இடையில் வந்தால் கணவரோ பிள்ளையோ விளக்கேற்றலாம். இதற்காகவே முதல் நாளிலிருந்து இன்னொருவரையும் பழக்கி வையுங்கள். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் கணவர்மார் இரண்டு நாளில் மணியடிக்கப் பழகிவிடுகிறார்கள், அதற்குப் பிறகு மணியை விடுவதில்லை. மரணத் துடக்கு வந்தால் பூசையை நிறுத்திவிட்டு, கும்பத்தை எடுப்பது பற்றிக் கோவிலில் கேளுங்கள்.

நாளுக்கொரு நிறச் சேலை என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றும். ஆசையென்றால் கட்டுங்கள். கும்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

7. அவல், கடலை

தினமும் புக்கை, மோதகம், வடை என்று தொடங்கினால் மூன்றாம் நாள் கை ஓய்ந்துவிடும். முதல் நாளும் கடைசி நாளும் பெரிதாகச் செய்யுங்கள். இடையில் அவலும் கடலையும் போதும்.

கடலை கால் கிலோ எட்டுப் பேருக்குக் காணும். காலையில் வேலைக்குப் போகும்போது ஊறப்போட்டால் மாலையில் தயார். உப்புப் போட்டு அவித்து, தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள். ஈரம் இருந்தால் தாளிதம் ஒட்டாது. கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, அதன்பின் தேங்காய்ச் சொட்டு. சொட்டு ஓரம் சிவந்ததும் கடலையைக் கொட்டிப் பிரட்டுங்கள். வெங்காயம் வேண்டாம், படையலுக்குச் சேர்ப்பதில்லை.

சிவப்பு அவலைக் கழுவி உடனே வடியுங்கள், ஊற விட்டால் கூழாகும். பத்து நிமிடம் மூடி வைத்தபின் சர்க்கரை, தேங்காய்ப்பூ, ஏலப்பொடி சேர்த்துக் குழையுங்கள். வாழைப்பழத்தைப் படைக்கும் நேரத்தில் வெட்டிப் போட்டால் கறுக்காது.

படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது என்பதால் உப்பு எப்போதும் சந்தேகம்தான். கொஞ்சம் குறைத்தே போடுங்கள். குறைந்ததைப் பிறகு சேர்க்கலாம்.

8. கொலுவும் வைக்க ஆசையென்றால்

படிகளைக் கும்பத்துக்கு முன்னரே அடுக்கிவிடுங்கள். பிறகு ஏறி இறங்கினால் கும்பத்தைத் தட்டுவீர்கள். ஒற்றைப்படை எண்ணிக்கை, பிளாட்டுக்கு மூன்று படி தாராளம். மேலே தெய்வங்கள், நடுவில் மனிதர், கீழே மிருகமும் செடியும். கொலு இல்லாவிட்டால் நவராத்திரி குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் கும்பம் மட்டும்தான்.

9. புத்தகம் வைக்கும் நாள்

சரஸ்வதி பூசையன்று பிள்ளைகளின் புத்தகம், கொப்பி, பேனை, வீட்டிலுள்ள வாத்தியம், தொழில் கருவி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பத்தின் முன் அடுக்குங்கள். வைத்ததை மறுநாள் பூசை முடியும்வரை எடுப்பதில்லை. இதை என் மகன் நன்றாக விளங்கி வைத்திருக்கிறான். ஒரு வருடம் ஏழாம் நாளே கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ‘இனி எடுக்கக் கூடாதுதானே அம்மா’ என்றான். பரீட்சை இருக்கும் வருடமென்றால் படிக்க வேண்டியதை முதலிலேயே பிரித்து வையுங்கள். மடிக்கணினியையும் அதேபோல. அதற்குப் பதில் மௌஸை வைத்தவர்களும் உண்டு.

பாடசாலையிலும் அலுவலகத்திலும் வாணி விழா இதே கிழமையில்தான் வரும். எந்த நாள் எதற்குச் சுண்டல் உங்கள் தலையில் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

10. விஜயதசமி: ஏடு தொடக்கலும் கும்பம் எடுத்தலும்

ஏடு தொடக்கல் முதலில், கும்பம் எடுப்பது பிறகு. அம்பாள் இருக்கும்போதே பிள்ளை எழுத வேண்டும்.

தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்புங்கள். தாத்தாவோ குருவோ பிள்ளையை மடியில் இருத்தி, சுட்டுவிரலைப் பிடித்து, ‘அரி நமோத்து சிந்தம்’ சொல்லி, ‘அ’ எழுதுவிப்பார். மஞ்சள் பூசிய ஏடு கிடைத்தால் அதையும் வாசிப்பிப்பார்கள். பிள்ளை பசியோடு இருந்தால் எதுவும் நடக்காது, முன்னமே பால் கொடுத்துவிடுங்கள். கோவிலில் செய்விப்பதென்றால் விடியவே போங்கள், வரிசை நீளும். அன்று பின்னேரம் கோவில்களில் மானம்பூ, அதாவது அசுரனை அழித்ததன் அடையாளமாக வாழை வெட்டு. வீட்டில் அதற்கு வேலை இல்லை.

பிறகு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கமாவது வாசிக்கச் சொல்லுங்கள். தீபம் காட்டி, கும்பத்தை இரு கையாலும் பிடித்து வடக்குப் பக்கம் சிறிது நகர்த்துங்கள். பத்து நாளில் இதுதான் முதல் அசைவு.

தேங்காயை எடுத்து மாவிலையால் அந்தத் தண்ணீரை வீடு முழுவதும் தெளியுங்கள். மீதியைச் செடிக்கு ஊற்றுங்கள், கைகழுவும் தொட்டியில் அல்ல. அரிசியைக் களைந்து புக்கைக்குப் போடலாம். தேங்காய் உடைக்கும்போது உள்ளே கெட்டிருந்தால் அபசகுனம் என்று கலங்க வேண்டாம், பத்து நாள் ஈரத்துக்கு மேல் இருந்த காய் அது. இரண்டாவது தேங்காய் இருக்கிறதே, அதைத் திருவுங்கள்.

முளையில் ஒரு நுனியைக் கிள்ளிக் காதோரம் செருகிக்கொள்வோம். மீதியைச் சட்டியோடு கடலில் போடத் தண்டவாளத்தைக் கடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். வளைவில் ரயில் வருவது அலைச் சத்தத்தில் கேட்காது. மாடியிலேயே ஒரு சாடியில் நட்டுவிடுங்கள், பயறும் கொள்ளும் பிடித்துக்கொள்ளும்.

செம்பைப் புளி போட்டு மினுக்கி, நன்றாகக் காயவைத்து, துணியில் சுற்றி வையுங்கள். அதற்குமுன் அதன் வாய் எத்தனை அங்குலம் என்று அளந்து ஒரு துண்டில் எழுதி உள்ளே போடுங்கள். அடுத்த புரட்டாதியில் தேங்காய்க் கடைக்காரர் ‘எவ்வளவு பெரிசு வேணும்’ என்று கேட்பார்.